செத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதே

என் அன்பு மகனுக்கு,

உன்மேல் அல்லாஹ்வின் சலாம் இருக்கட்டும். கட்டார்த் தண்ணீரில் குளித்து உன் தலையில் மிச்சமிருக்கிற நாலு முடியும் கொட்டிப்போகாமல் இருக்க உன் உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறாள். நான் கேட்பதில்லை. கொட்டுகிற முடி கொட்டட்டும், வழுக்கை விழுந்தால்தான் உன்னை என் மகன் என்று ஊர் நம்பும். லீவு முடிந்து நீ வேனில் ஏறும்போது ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். "வாப்பா, மின்ஹா அந்த டெப்புல விளையாடுற வீடு கட்டுற கேம் நல்லதா கூடாதா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. நஸ்ரின் அத அழிக்கச் சொல்றா. நீங்க என்ன சொன்னாலும் அதத்தான் செய்வன்" என்றாய். வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவன் என் பேத்தியின் கேமை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொல்லிவிட்டு மாடறுக்கப் போனவனை நீதவான் ஆக்கினாய். வொய்ஸ் அனுப்பலாம் என்று பார்த்தால் உன் உம்மா நடுவில் புகுந்து கருவாட்டு விலை சொல்லத் தொடங்கிவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு உன்னோடு அறையில் கிடக்கிற மற்ற வாப்பாமாருக்கும் கேட்கட்டும், சத்தமாகவே வாசி.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை போய் ஒட்டிக்கொள்கிறவன். அப்படியென்றால் மாப்பிள்ளையின் வாப்பா அந்த வீட்டில் யார்? கதிரையில் நுனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி. முதல் நாள் உன் பெண்சாதி நஸ்ரினின் வீட்டுக்கு அரைக் கிலோ ஈரலோடு போய் அப்படித்தான் உட்கார்ந்தேன். மின்ஹா வந்து மடியில் ஏறி, "மூத்தாப்பா, ஒங்களுக்கு மாடு காட்டட்டா?" என்றாள். நீ அனுப்பிய டெப்பின் திரையை விரலால் தேய்த்துக் காட்டினாள். மகனே, அல்லாஹ் படைத்த மாட்டை யாரோ செங்கல் அச்சில் போட்டு அடித்து வைத்திருக்கிறான். தலை ஒரு பெட்டி, உடம்பு ஒரு பெட்டி, கால் நாலு குட்டிப் பெட்டி. வாளால் இரண்டு தட்டுத் தட்டினாள். மாடு சிவந்து, சாய்ந்து, மறைந்துபோனது. அந்த இடத்தில் துண்டு இறைச்சி சுத்தமாகக் கிடந்தது. இரத்தம் இல்லை, குடல் இல்லை, சாணி இல்லை. "புள்ள, இப்படி ஒரு மாடு எனக்குக் கிடைச்சிருந்தா நான் எப்பவோ ஹாஜியார் ஆகியிருப்பன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பிஸ்மி சொல்லித்தான் வெட்டினன்" என்றாள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. உன் பிள்ளைதான், சந்தேகமில்லை.

கேம் இதுதான். ஒன்றுமில்லாத காட்டில் உன்னை இறக்கிவிடுவார்கள். மரத்தை வெட்டி, கல்லை உடைத்து, மண்ணைத் தோண்டி, பொழுது படுவதற்குள் வீடு ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். இருட்டினால் பேய்கள் வந்து கதவைத் தட்டும். சில பேய் கதவை உடைக்கும். அதில் பச்சையாக ஒன்று, கை இல்லாதது, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்று வெடிக்கும். சத்தமில்லாமல் கிட்ட வந்து நின்று வெடித்தவர்களை நம் தலைமுறை நிஜத்தில் கண்டது. பஸார் மூலையில் வெடித்த நாளில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரனின் செருப்பு என் இறைச்சித் தராசில் வந்து விழுந்தது. செருப்புக்குள் கால் இருந்தது. அதை நான் எடுத்துப் பேப்பரில் சுற்றினேன், இறைச்சி சுற்றுகிற அதே பேப்பரில், வேறு பேப்பர் இருக்கவில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் இருக்கும்போது பச்சைப் பேய் வெடித்து மின்ஹாவின் சுவர் பறந்தது. "அட நாசமாப் போவானே!" என்று அவள் கத்தினாள். நான் சொல்லிக்கொடுத்த வசனம் அது, நஸ்ரினிடம் சொல்லிவிடாதே.

நஸ்ரின் குசினிக்குள் கூப்பிட்டு அவளுடைய வழக்கை வைத்தாள். "மாமா, நீங்க அவ கட்டுறதத்தான் பார்க்கிறீங்க. அதுக்குள்ள ஊர் ஆக்கள் இரிக்காங்க. அவங்கள ஒரு வீட்டுக்குள்ள அடைச்சிப்போட்டு, சுத்திவர வெடி வெச்சி, பத்த வெச்சிட்டுக் கைதட்டிச் சிரிக்கிறாள். ஏழு வயசுப் புள்ள. எனக்குப் பயமாக் கிடக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. நான் பகிடி விடவில்லை. ஆட்களை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்துச் செய்ததெல்லாம் இந்தக் கரையோரத்தில் எல்லாச் சனத்துக்கும் நடந்திருக்கிறது. செய்தவனின் பெயரை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிச் சொல்வோம், அவ்வளவுதான் வித்தியாசம். நஸ்ரினின் சாச்சா ஒருவர் வயலுக்குப் போய், கைகள் பின்னால் கட்டப்பட்டபடி வரம்பில் கிடந்தவர். அவள் பயந்தால் அதில் பிழை இல்லை.

நான் திரும்ப மின்ஹாவிடம் போனேன். வீட்டுக்குள் ஆட்களை அடைத்தாயிற்று, வெடியும் வைத்தாயிற்று. "பொறு புள்ள," என்றேன், "உள்ளுக்கு இரிக்கிற ஆக்கள் யாரு?" "சும்மா ஆக்கள்." "பேர் இல்லையா?" "இல்ல." "அப்ப பேர் வை. பேர் வெச்சிட்டு வெடிக்க வை. பேரில்லாத ஆக்களக் கொல்ல ஆருக்கும் ஏலும், அதுல என்ன வீரம்." யோசித்தாள். ஒவ்வொருவராகப் பெயர் வைத்தாள். வகுப்பு டீச்சர், பாண் கொண்டு வருகிற நானா, பக்கத்து வீட்டுச் சுபைதா மாமி. கடைசியாக நின்ற ஆளுக்கு மூக்கு வாழைப்பூப் போலத் தொங்கியது. "இது நீங்க" என்றாள். பிறகு வெடியிலிருந்து விரலை எடுத்தாள். கதவைத் திறந்து டீச்சரையும் பாண் நானாவையும் மாமியையும் வெளியே விட்டாள். என்னை மட்டும் உள்ளே வைத்துப் பத்தவைத்தாள். வீடு தூள் தூளாகப் போனது. "மூத்தாப்பா மௌத்து!" என்று குதித்தாள். "ஜனாசாத் தொழுகை எத்தின மணிக்கு?" என்று கேட்டேன். நஸ்ரின் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மகனே, உண்மையைச் சொன்னால், இரத்தம் பார்ப்பதால் பிள்ளை கெட்டுப்போகும் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. நீ இரத்தத்துக்குள் வளர்ந்தவன். மாடறுக்கிறவனின் மகன். சந்தைக்குப் போகிற வழியில் ரோட்டோரம் கிடந்தவர்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன். அப்படியிருந்தும், நோன்புப் பெருநாளைக்கு ஒரு கோழியைப் பிடித்துத் தா என்றால் மயங்கி விழுந்தவன் நீ. கோழி உன் மேல் ஏறி நின்று கொக்கரித்தது, ஊர் முழுக்கப் பார்த்தது. அதேநேரம் ஒன்றும் ஆகாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்ன நாள் பஸாரில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். மீசை முளைத்த ஆண்பிள்ளை நீ, என் கடை மேசைக்குக் கீழே மாட்டுத் தலைகளோடு போய்ப் படுத்துக்கொண்டாய். நான் உன்னைக் கிண்டல் பண்ணிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. நீ சத்தத்தை ரோட்டில் படித்தாய். மின்ஹா டெப்பில் படிக்கிறாள், அதில் சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது. அந்தப் பட்டனை எனக்கு முன்பே யாராவது தந்திருந்தால் நான் விலை பேசாமல் வாங்கியிருப்பேன்.

இவ்வளவோடு "பாதகமில்லை, விளையாடட்டும்" என்று உனக்கு ஒரு வொய்ஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் பிறகு ஒரு பின்னேரம் நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். மின்ஹா ஆழமான சுரங்கம் ஒன்றில் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு சுவரை உடைத்ததும் தண்ணீர் பாய்ந்து வந்தது. ஓடப் பார்த்தாள், முடியவில்லை, மூச்சுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. செத்துப்போனாள். உடனே வீட்டுக் கட்டிலில் எழும்பினாள். அந்தக் கேமில் மௌத்து என்பது அவ்வளவுதான், கட்டிலில் எழும்பலாம். ஆனால் கையில் இருந்த சாமான் எல்லாம் செத்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும். கொஞ்ச நேரத்துக்குள் போய்ப் பொறுக்காவிட்டால் மறைந்துவிடும். அதனால் அவள் ஓடினாள். "என்ட வாள்! என்ட கோடாலி!" என்று கத்திக்கொண்டு அதே சுரங்கத்துக்குள், அதே தண்ணீருக்குள். மறுபடி செத்தாள். எழும்பினாள், ஓடினாள், செத்தாள். "போகாத!" என்று நான் கத்தினேன். நான் கத்திய கத்தில் டெப் அவள் கையிலிருந்து விழுந்தது, நஸ்ரின் அகப்பையோடு ஓடி வந்தாள். மாடு முட்ட வந்தாலும் கத்தாதவன் நான். அன்று கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை நான் உனக்குச் சொன்னதில்லை. என் மூத்த மகள், உன் ராத்தா ஹபீபாவுக்கு வீடு கட்டிக் கொடுத்து, நாங்கள் அதே வளவின் பின்மூலையில் தகரக் கொட்டிலுக்கு மாறிய வருசம் அது. அன்று பௌர்ணமிப் போயா நாள், இறைச்சிக் கடை திறக்கக்கூடாது, அதனால்தான் நான் வீட்டில் இருந்தேன். ஹபீபாவின் மாப்பிள்ளை, உன் மச்சான், ரவுணுக்குப் போயிருந்தார். கடல் வருது என்று சனம் கத்தியதும் நீ உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாய். நானும் ஹபீபாவும் பின்னால். வேலிக் கடப்பைத் தாண்டியதும் அவள் நின்றாள். "வாப்பா, வீடு பூட்டல்ல. பூட்டிட்டு வாறன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் மகள், கெதியாப் பூட்டிட்டு வா" என்றேன். ஏனென்றால் அவளுக்கு அதைப் பழக்கியவனே நான். யுத்தத்துக்குள் எத்தனை தடவை பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியிருப்போம். திரும்பி வரும்போது பூட்டாத வீட்டில் சட்டி முட்டி மிஞ்சாது, யன்னல் கதவைக்கூடக் கள்ளன் கழற்றிப் போயிருப்பான். ஓடுறதெண்டாலும் பூட்டிப்போட்டு ஓடு என்று அவளுக்கு நான் பேசிப் பேசிப் பழக்கினேன். துவக்குச் சூட்டுக்கு ஓடுகிறவனுக்குப் பூட்ட நேரம் இருக்கும். கடலுக்கு ஓடுகிறவனுக்கு இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

தண்ணீர் கறுப்பாக வந்தது. தண்ணீர் என்று சொல்லவே வாய் வரவில்லை. வள்ளமும் கூரையும் மரமும் மனுசரும் ஒன்றாக அரைபட்டு வந்தது. தகரம் ஆட்களை அறுத்தது. மாடறுக்கிறவன் சொல்கிறேன், என் கத்தி ஒருநாளும் அப்படி அறுத்ததில்லை. பிறகு பல நாள் நான் ஜனாசாக்கள் தூக்கியது உனக்கு நினைவிருக்கும். கை கூசாதவன் என்று என்னைத்தான் எல்லா இடத்துக்கும் கூப்பிட்டார்கள். நம் ஆட்கள், பாண்டிருப்புத் தமிழ் ஆட்கள் என்று பிரித்துப் பார்க்க முகங்கள் இருக்கவில்லை. ஹபீபாவைக் கிடுகுக் குவியலுக்குள்ளிருந்து நான்தான் இழுத்து எடுத்தேன். சாவி அவள் கைக்குள் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் அதை எடுத்தேன். வளவுக்குப் போய்ப் பார்த்தால் வீட்டில் ஒரு சுவர் இல்லை, கூரை இல்லை. முன் நிலையும் கதவும் மட்டும் நின்றன. கதவு நன்றாகப் பூட்டியிருந்தது.

இதை நான் மின்ஹாவுக்கு முழுக்கச் சொல்லவில்லை, பயப்படாதே. "ஒங்கட மாமி ஒராள் வீடு பூட்டத் திரும்பிப் போனா, வரல்ல" என்றேன். அவள் கேட்டாள்: "அவ கட்டில்ல எழும்பல்லையா?" "இல்ல மகள். நிசத்துல கட்டில் இல்ல." டெப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் அவளோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். நீ கட்டு, வெட்டு, வெடி வை, மூத்தாப்பாவைப் பத்தவை, எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் செத்த இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. கோடாலி போனால் போகட்டும், புதுசாகச் செய். வைரம் போனாலும் போகட்டும். அவள் விடுவாளா? "வைரம் எடுக்க எத்தின நாள் தோண்டினன் தெரியுமா?" என்று சண்டை பிடித்தாள். ஒருநாள் எனக்குத் தெரியாமல் திரும்பி ஓடிப் பிடிபட்டாள். அன்று அவளுக்கு நான் வாங்கிப்போன கொத்துரொட்டியை அவள் முன்னால் உட்கார்ந்து நானே தின்றேன். அடுத்தநாள் நெருப்புக் குழம்புக்குள் விழுந்து செத்தாள், வைரச் சட்டை உட்பட எல்லாம் போனது. கட்டிலில் எழும்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, எதிர்ப்பக்கம் நடந்து ஒரு மரத்தை வெட்டத் தொடங்கினாள். பகிடி வரவில்லை எனக்கு.

இப்போது போன கிழமை நடந்ததைக் கேள். நஸ்ரின் பயந்துபோய்ப் பாதிக் கதையைத்தான் உனக்குச் சொல்லியிருப்பாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மின்ஹா டெப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். ரோட்டில் ஓர் ஓட்டோ கத்திக்கொண்டு போனது: "கடல் உள்வாங்குதாம்! ஓடுங்க! ஓடுங்க!" அதற்குப் பின்னால் சனம். பொய்யா மெய்யா என்று நின்று கேட்க இந்த ஊரில் யாருக்கும் கால் நிற்காது. நஸ்ரின் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே பாய்ந்தாள். மின்ஹா மாங்காயை எறிந்துவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன், ஓடி, கடப்பைத் தாண்டி, நின்றேன். டெப் உள்ளே கிடக்கிறது. நீ ஓவர்டைம் செய்து, சாப்பாட்டைக் குறைத்து வாங்கி அனுப்பியது. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. திரும்பினேன், மகனே. இவ்வளவையும் கண்டவன், இவ்வளவையும் பேசினவன், திரும்பினேன்.

சாரனில் ஓர் இழுவை. "எங்க போறீங்க?"

"டெப் மகள், டெப் உள்ளுக்குக் கிடக்கு. நீ உம்மாவோட ஓடு, கதவையும் பூட்டிட்டு வாறன்."

"உடுங்க மூத்தாப்பா! நீங்கதானே சொன்ன!"

"கள்ளன் வருவான் புள்ள!"

"கள்ளன் வரட்டும்! அதெல்லாம் திரும்பக் கட்டலாம்! ஓடுங்க!"

பாதிச் சாரன் அவள் கையில், பாதி என் இடுப்பில். வழுக்கைத் தலையோடு, மானத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளை இழுக்க இழுக்க நான் பிரதான வீதியைக் கடந்து வயல் பக்கம் ஓடினேன். பார்த்தவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். வரம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அவள் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், நிசத்தில் இருக்கிறேனா என்று.

கடல் வரவில்லை. யாரோ கிளப்பிய பொய். கள்ளன் வந்தான், அது மெய். டெப் போயிற்று, காஸ் சிலிண்டர் போயிற்று, நான் கொண்டுபோன இறைச்சிப் பார்சலும் போயிற்று. அவன் வீட்டில் அன்று நல்ல சாப்பாடு. மின்ஹா அழுதாள். டெப்புக்காக இல்லை, அதற்குள் அவள் கட்டிய ஊருக்காக. "மூத்தாப்பா, கள்ளன்ட புள்ள என்ட ஊர உடைப்பானா, இல்ல அதுல இரிப்பானா?" என்று கேட்டாள். அதை நீ கட்டாரில் யாரிடமாவது கேட்டுச் சொல்.

நீ என்னிடம் கேட்ட கேள்விக்குக் கள்ளனே தீர்ப்புச் சொல்லிவிட்டான், அழிக்க இப்போது கேம் இல்லை என்று நீ நினைக்கலாம். நினைக்காதே. நஸ்ரினோடு நான் பேசிவிட்டேன். அவள் சொல்வது: பிள்ளை தனியாக விளையாடக்கூடாது, பெயரில்லாத ஆட்களைக் கொல்லக்கூடாது, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் டெப் அலுமாரிக்குள் போய்விட வேண்டும். மூன்றும் சரி. என் பக்கம் ஒன்றுதான், அதை மின்ஹா எனக்கு மேலாகவே படித்துவிட்டாள். ஆகவே மகனே, இன்னும் கொஞ்சம் ஓவர்டைம் செய். அதே கேமோடு இன்னொரு டெப் வாங்கி அனுப்பு. அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினாள், அவளுக்கு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கொடு.

அன்று பொழுதுபடும் நேரம் நாங்கள் வயலிலிருந்து திரும்பி நடந்து வந்தோம். பிள்ளை என் தோளில் இருந்தாள், நித்திரை. தூரத்திலேயே வீடு தெரிந்தது. சுவரெல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. கதவு திறந்தே கிடந்தது.

உன் வாப்பா